பழைய ஆமி ஜீப்பில் எது அசல், எது பிறகு மாட்டியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இரண்டாம் உலக யுத்தகால ஜீப் ஒன்று இருக்கிறது. தொழில் கணக்கு எழுதுவது. ஜீப், ஞாயிற்றுக்கிழமை வியாதி. கொழும்பு பஞ்சிகாவத்தை வாகனச் சாமான் கடை வாசலில் ஒருவர் கேட்ட கேள்வியை அடுத்த கிழமை தொலைபேசியில் இன்னொருவர் கேட்பார். மூன்றாவது ஆள் ஜீப்பை வாங்கிவிட்டு வந்து கேட்பார். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதிவைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இது யுத்தகால ஜீப்தானா, இல்லாட்டி பிறகு வந்த சாதாரண ஜீப்பா? பார்த்தவுடனே தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். முன்னால் நின்று கிரில்லில் உள்ள நீட்டுத் துளைகளை எண்ணுங்கள். யுத்தகால ஜீப்பில் 9 இருக்கும். 1945இல் தொடங்கி பொதுமக்களுக்கு விற்ற சிஜே-2ஏ ஜீப்பில் 7 இருக்கும். யுத்தகாலத்து முன்விளக்கு சின்னது, கிரில்லுக்குள் பதுங்கியிருக்கும். அதற்குப் பின்னால் உள்ள காது நட்டைத் தளர்த்தினால் விளக்கு பின்பக்கம் திரும்பி எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டும். சிஜேயின் விளக்கு பெரிசு, வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும்.

அடுத்து பின்னால் போங்கள். யுத்தகாலத்ததில் பின்கதவு கிடையாது, ஸ்பெயார் சில்லு அங்கேதான் தொங்கும். சிஜேக்குத் திறக்கிற பின்கதவு இருக்கும், சில்லு பக்கவாட்டில். பெற்றோல் ஊற்றும் வாய் சாரதி ஆசன மெத்தைக்குக் கீழே இருந்தால் யுத்தகாலம். பொடியின் (மேல் உடற்கூட்டின்) வெளிப்பக்கம் இருந்தால் சிஜே. ஆனால் இதெல்லாமே தகரம். தகரத்தை வெட்டி ஒட்டலாம். கிரில் ஒன்றை மாற்ற அரை நாள் போதும். அதனால் இதை முதல் வடிகட்டலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

துளைக்குப் பதிலாக இரும்புப் பட்டைகளை நிரையாக வெல்ட் பண்ணிய கிரில்லைக் கண்டால் "பிழை" என்று ஓடிவிட வேண்டாம். 1942 தொடக்கம் வரை வில்லிஸ் செய்த முதல் 25,000 அளவு ஜீப்புகள் அப்படித்தான் வந்தன. உண்மையான ஒன்று கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

எல்லாரும் வில்லிஸ் எண்டுதான் சொல்லுறாங்க. ஃபோர்ட் ஜீப் எண்டும் ஒண்டு இருக்கா?

இருக்கிறது, நிறையவே. அமெரிக்க இராணுவத்துக்கு வில்லிஸ் கம்பெனியால் மட்டும் வேண்டிய அளவு செய்து கொடுக்க முடியவில்லை. அதே வரைபடத்தை வைத்து ஃபோர்டும் செய்தது. வில்லிஸ் செய்தது எம்பி, ஃபோர்ட் செய்தது ஜிபிடபிள்யூ. அந்தக் கடைசி டபிள்யூவே வில்லிஸைத்தான் குறிக்கிறது. 1941 முதல் 1945 வரை இரண்டும் சேர்ந்து 6 லட்சத்து 40 ஆயிரம் அளவில் வெளிவந்தன. ஏறக்குறைய எந்தச் சாமானையும் ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் பூட்டலாம். இராணுவம் கேட்டதே அதைத்தான்.

எது எது என்று அறிய ஒரே ஓர் இடம் போதும். முன் பம்பருக்குப் பின்னால் குனிந்து, ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு சேஸித் தண்டவாளங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்துவைத்த பீலி மாதிரி இருந்தால் ஃபோர்ட். விற்கிறவர் என்ன சொன்னாலும் இந்தச் சட்டம் பொய் சொல்லாது, ஏனென்றால் அதை மாற்றுவது லேசான வேலை இல்லை.

ஃபோர்ட் சாமானில எஃப் எழுத்து இருக்காமே? அதை எங்க தேடுறது?

போல்ட் தலை, லீவர், பிராக்கெட், கொக்கி, பிணைச்சல் என்று ஃபோர்ட் தான் செய்த அநேகமான சாமான்களில் தன் கையெழுத்துப் பாணியில் ஒரு எஃப் பதித்தது. தேய்ந்துபோன சாமானுக்கு இராணுவம் வந்து நஷ்டம் கேட்டால் "இது எங்களுடையதுதானா" என்று பார்க்க அது உதவியது.

என் ஜீப்பை "சுத்தமான வில்லிஸ்" என்று சொல்லித்தான் தந்தார்கள். நானும் இரண்டு வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் முன் ஸ்பிரிங்கின் போல்ட்டைக் கழற்ற முடியாமல் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்தோம். கிரீசும் செம்மண்ணும் சேர்ந்து தார் மாதிரி இறுகிப்போயிருந்தது. மேல் படை கழன்றதும் போல்ட் தலையில் ஒரு வளைவு தெரிந்தது. மெக்கானிக் விரல் நகத்தால் சுரண்டினார். எஃப். பக்கத்துப் போல்ட்டிலும் எஃப். அப்புறம்தான் குனிந்து குறுக்குச் சட்டத்தைப் பார்த்தேன். பீலி. இரண்டு வருஷமாக ஒருநாள்கூடக் குனியவில்லை என்பதுதான் வெட்கம்.

ஒரு எச்சரிக்கை. எஃப் பதித்த புதுப் போல்ட்டுகள் வெளிநாட்டில் இப்போதும் செய்து விற்கப்படுகின்றன. போல்ட்டில் உள்ள எஃப்பை விட, வார்ப்பிலும் பெரிய இரும்புச் சாமானிலும் உள்ள எஃப்புக்குத்தான் மதிப்புக் கொடுங்கள்.

என்ட ஜீப்பில வில்லிஸ், ஃபோர்ட் ரெண்டும் கலந்திருக்கு. யாரோ ஏமாத்திட்டாங்களா?

இல்லாமலும் இருக்கலாம். நான் சாமானை மூன்று படையாகப் பிரிப்பேன். ஆலையிலிருந்து ஜீப்போடு வந்தது முதல் படை. இராணுவப் பட்டறையில் மாற்றியது இரண்டாவது. பொதுமக்கள் கைக்கு வந்த பிறகு மாற்றியது மூன்றாவது.

இரண்டாவது படையைத்தான் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். யுத்தத்தில் அடிபட்ட ஜீப்புகளைப் பட்டறையில் வரிசையாக நிறுத்தி, எஞ்சினை ஒரு பக்கம், கியர் பெட்டியை ஒரு பக்கம், அக்சிலை ஒரு பக்கம் என்று கழற்றிக் குவித்துப் பழுதுபார்ப்பார்கள். திரும்பப் பூட்டும்போது கைக்குக் கிட்டியது எதுவோ அது ஏறும். ஃபோர்ட் சேஸியில் வில்லிஸ் எஞ்சின் 1944இலேயே ஏறியிருக்கலாம். அதைப் "பிழைச் சாமான்" என்று கழற்றினால் ஜீப்பின் இராணுவச் சரித்திரத்தையே கழற்றுகிறீர்கள்.

இன்னுமொன்று, 1944இலிருந்து இரண்டு கம்பெனி ஜீப்புக்கும் பொடி செய்து கொடுத்தது ஒரே கம்பெனி. அதனால் கடைசிக்கால ஃபோர்ட்டில் ஃபோர்ட் பொடி இல்லை என்று சண்டைக்குப் போக முடியாது. ஆலையிலிருந்து வந்ததே அப்படித்தான். ஆனால் 1942 ஃபோர்ட் சேஸியில் அந்தப் பொடி இருந்தால் அது பிறகு மாற்றியது.

சேஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் ஒத்துப்போக வேணும்தானே?

ஃபோர்ட் என்றால் ஆம்; ஆலையை விட்டு வரும்போது இரண்டும் ஒரே இலக்கம். வில்லிஸ் என்றால் இல்லை. வில்லிஸ் எஞ்சின் இலக்கமும் சேஸி இலக்கமும் ஆரம்பத்திலிருந்தே வேறு வேறு. வில்லிஸ் ஜீப் விற்கும் ஒருவர் "ரெண்டும் ஒரே நம்பர், பாருங்க" என்று பெருமையாகக் காட்டினால் நீங்கள் சந்தோஷப்படக் கூடாது. சந்தேகப்பட வேண்டும்.

ஃபோர்ட்டில் சேஸி இலக்கம் இடப்பக்கத் தண்டவாளத்தின் மேல்முகத்தில், எஞ்சினுக்குச் சற்று முன்னால் அடித்திருக்கும். வில்லிஸில் அப்படி அடிப்பதில்லை. இடப்பக்கத் தண்டவாளத்தின் உட்பக்கம், முன் பம்பருக்குக் கிட்ட ரிவெட் அடித்த சின்னத் தகடு ஒன்று இருக்கும். எஞ்சின் இலக்கம் இரண்டிலும் வலப்பக்கம், எண்ணெய் பில்டருக்குப் பின்னால் சிலிண்டர் தொகுதியில் உள்ள தட்டையான மேட்டில்.

நம்பரைப் பிறகு அடிச்சிருக்காங்களா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் இடம். மேலே சொன்ன இடத்தில் இல்லாமல் வேறெங்கோ புதிசாக முளைத்திருந்தால் அதற்கு ஒரு கதை இருக்கும், கேளுங்கள். அடுத்து அந்த இடத்தின் முகம். கிரைண்டர் ஓடிய இடம் சுற்றியுள்ள இரும்பை விட மழமழப்பாக, ஒரு சிறு பள்ளமாக இருக்கும். டோர்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் பள்ளம் நிழல் விழுந்து தெரியும். கண்ணுக்குத் தெரியாததை விரல் நுனி சொல்லும்.

சேஸி இலக்கம் அழித்து அடித்தது என்று பட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். நாரஹேன்பிட்டியில் பதிவு மாற்றப் போகும்போது அது சாமான் பிரச்சினையாக இருக்காது, பொலிஸ் பிரச்சினையாகிவிடும்.

டாஷ்போர்ட்டில தகடு இருக்கு, 1943 எண்டு தெளிவா போட்டிருக்கு. அது போதாதா?

போதாது. அந்தத் தகடுகள் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. நீங்கள் சொல்லும் இலக்கத்தையும் திகதியையும் அடித்தே தருகிறார்கள். பழைய தகடென்றால் எண்பது வருஷ அழுக்கு எழுத்துக்குள் இருக்கும், திருகாணியைச் சுற்றி பெயிண்ட் படை படையாக ஏறியிருக்கும். தகட்டின் இலக்கம் சேஸி இலக்கத்தோடு ஒத்துப்போனால் மட்டும் அதைச் சாட்சியாக எடுங்கள்.

லொக் புத்தகத்தில 1949 எண்டு இருக்கு. அப்ப இது யுத்தகாலத்தது இல்லையா?

புத்தகத்தில் உள்ள வருஷம் அநேகமாகப் பதிவு வருஷம். 1944 ஏப்ரலில் நேசப்படைத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் இங்கே ஓடிய இராணுவ வாகனங்கள் யுத்தம் முடிந்து பொதுமக்கள் கைக்கு வந்தபோதுதான் முதன்முதலாக இலங்கை இலக்கம் பெற்றன. மலைநாட்டுத் தோட்டங்களில் ஓடியவை பல இப்படி வந்தவைதான். ஆகவே 1949 என்ற பதிவு யுத்தகால ஜீப்புக்குப் பொருந்தும். அதே வருஷம் புதிதாக இறங்கிய சிஜேக்கும் பொருந்தும். தீர்மானிப்பது சேஸிதான்.

இலக்கத் தகடும் கொஞ்சம் கதை சொல்லும். 1957இல் வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் ஜீப்பை மறந்துவிட்டு வேறு கதை தொடங்கிவிடுவார்கள். பழைய ஆங்கில எழுத்து இலக்கம் என்றால் அதற்கு முன்னைய பதிவு. ஸ்ரீ இலக்கத்தில் "யுத்தகால ஜீப்" என்று ஒன்று வந்தால், அது அதுவரை எங்கே இருந்தது என்று கேட்பது நியாயம்.

எஞ்சின் நல்லா இழுக்குது. ஆனா அது உண்மையான எஞ்சின்தானா?

யுத்தகால எஞ்சின் எல்-134. நாலு சிலிண்டர், 134 கன அங்குலம், 60 குதிரைவலு. வால்வுகள் எல்லாம் கீழே தொகுதிக்குள் இருப்பதால் மேல்மூடி ஒரு தட்டையான இரும்புப் பலகை மாதிரி இருக்கும். அதன் மேல் வால்வு மூடி இருந்தால், கார்புரேட்டர் மேலே ஏறி உட்கார்ந்திருந்தால், அது பிறகு வந்த எஃப்-134. 1953இல் சிஜே-3பியில் அதைப் போட்டபோது உயரம் காணாமல் பொனட்டையே தூக்கிக் கட்டினார்கள். யுத்தகால ஜீப்பின் தாழ்ந்த பொனட்டுக்குள் அதை அடைக்க என்னவெல்லாம் வெட்டினார்கள் என்று தேடுங்கள்.

சிக்கல் என்னவென்றால் எல்-134ஐ யுத்தத்துக்குப் பிறகும் வருஷக்கணக்காகச் செய்தார்கள். வெளித்தோற்றம் ஒன்றுதான். இலக்கத்தின் முன்னெழுத்து எம்பி அல்லது ஜிபிடபிள்யூ என்றால் யுத்தகாலம். ஜே என்று தொடங்கினால் சிஜே எஞ்சின். இலக்கம் அழிந்திருந்தால், எஞ்சினைத் திறக்கும் நாளில் முன்மூடிக்குள் பாருங்கள்: யுத்தகாலத்ததில் டைமிங் சங்கிலி (ஆரம்பகால சிஜேயிலும் அதுதான்), பிந்தியதில் பல்சக்கரம். சங்கிலி எஞ்சினுக்கும் பல்சக்கர எஞ்சினுக்கும் எண்ணெய்ப் பம்ப் வேறு. இது தெரியாமல் ஒருவர் பம்பை மாற்றி மாட்டி எஞ்சினை இறுகிப்போகவைத்தார். யார் என்று கேட்க வேண்டாம்.

மஹிந்திரா சாமான், மிட்சுபிசி சாமான் எல்லாம் இதில ஏறுதே. எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

ஏறுவதற்குக் காரணம், இரண்டு கம்பெனியும் வில்லிஸிடம் அனுமதி வாங்கி ஜீப் செய்தவை. மஹிந்திரா 1940களின் கடைசியிலும் மிட்சுபிசி 1950களின் முற்பகுதியிலும் தொடங்கின. ஒரே வேர், பிறகு கிளை. பஞ்சிகாவத்தையில் நானாமார் "ஜீப் சாமான்" என்று ஒரே தட்டில் போட்டுவைப்பதும் இதனால்தான்.

இங்கே நான் அதிகம் காண்பவை மூன்று. ஒன்று கார்புரேட்டர்: அசல் கார்ட்டர், பெரும்பாலான ஜீப்பில் இப்போது இருப்பது இந்தியாவிலிருந்து வந்த சோலெக்ஸ். இரண்டாவது கியர் பெட்டி: யுத்தகாலத்தது டி-84, கொஞ்சம் நோஞ்சான். பிறகு வந்த டி-90 பலமானது, அதனால் தோட்டத்து ஜீப்புகளில் மாற்றியிருப்பார்கள். மூன்றாவது பின் அக்சில். இதைச் சில்லைப் பார்த்தே சொல்லலாம்: நடுவில் ஆறு போல்ட்டோடு ஒரு வட்டத் தட்டு முன்சில்லில் இருப்பது போலவே பின்சில்லிலும் இருந்தால் யுத்தகால அக்சில். நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டும் அதை மூடிய தொப்பியும் என்றால் அது பிந்தியது.

மிட்சுபிசியின் 4டிஆர்5 டீசல் எஞ்சின் ஏறிய ஜீப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

பொடி ஒரு கீறல்கூட இல்லாம இருக்கு. நல்ல விஷயம்தானே?

கொழும்பின் உப்புக் காற்றில் எண்பது வருஷம் நின்ற தகரம் கீறல் இல்லாமல் இருக்காது. அப்படி இருந்தால் இரண்டில் ஒன்று: பிலிப்பைன்ஸில் செய்யும் புதுப் பொடி, அல்லது நம் டிங்கர் பாஸ் தட்டி எடுத்தது. இரண்டும் கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். விலை பேசும்போது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். பொடியின் கீழ் விளிம்பில் காந்தம் ஒட்டாமல் நழுவினால் உள்ளே தகரம் இல்லை, பட்டிப் பூச்சுதான். சாரதிப் பக்க வெளிச்சுவரில் கோடரியும் மண்வெட்டியும் பதியும் பள்ளம் இருக்க வேண்டும். ஆனால் ஆரம்பகால சிஜேயிலும் அது உண்டு, அதனால் தனிச் சாட்சி இல்லை. பின்சுவரில் வில்லிஸ் அல்லது ஃபோர்ட் என்று பெயர் புடைத்திருந்தால் 1942 நடுப்பகுதிக்கு முந்தியது. பிறகு இராணுவம் பெயர் போட விடவில்லை. பெயர் புடைத்த பொடி 1944 சேஸியில் இருந்தால் கணக்கு உங்களுக்கே தெரியும். வெள்ளை நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அது ஒரு ஸ்டென்சிலும் ஒரு டின் பெயிண்ட்டும்.

சில்லு நட்டு கழரவே மாட்டேங்குது. யாரோ பிழையான ஸ்டட் போட்டிருக்காங்களா?

இடப்பக்கச் சில்லா? அப்படியென்றால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். யுத்தகால ஜீப்பின் இடப்பக்க ஸ்டட்டுகளுக்கு எதிர்ப்புரி. ஓட்டத்தில் தானாகக் கழராமல் இருக்க அப்படிச் செய்தார்கள். தெரியாமல் நீட்டுக் குழாய் போட்டு மிதித்து உடைத்தவர்கள் ஏராளம். இடப்பக்கத்திலும் சாதாரணப் புரி இருந்தால் அதுதான் மாற்றியது. சில்லு இரண்டு பாதியாக, எட்டு நட்டால் பூட்டியிருந்தால் அது இராணுவச் சில்லு. அந்த எட்டு நட்டை டயரில் காற்று இருக்கும்போது தொடவே கூடாது. ஆளைக் கொல்லும்.

12 வோல்ட்டுக்கு மாத்தியிருக்கு, ஸ்டியரிங் வலப்பக்கம். எல்லாத்தையும் பழையபடி ஆக்கவேணுமா?

ஆலையிலிருந்து வந்தது 6 வோல்ட், இடப்பக்க ஸ்டியரிங். யுத்தகாலத்தில் வலப்பக்க ஸ்டியரிங்கோடு செய்யவில்லை. ஆகவே இரண்டும் மூன்றாம் படை. 12 வோல்ட்டை நானே வைத்திருக்கிறேன். மழைநாளில் காலி வீதியில் இரவு ஓட்டிப் பார்த்தால் காரணம் விளங்கும். கழற்றிய 6 வோல்ட் டைனமோவும் ஸ்டாட்டரும் சாக்கில் கட்டி அலமாரிக்குக் கீழே கிடக்கின்றன. ஜீப்பை விற்றால் அந்தச் சாக்கும் கூடவே போகும்.

ஸ்டியரிங் வேறு கதை. மாற்றியவர் எப்படி வெல்ட் பண்ணினார் என்பது உயிர் விஷயம். அசல், அசல் இல்லை என்பதற்கு முன்னால், சேஸியில் ஸ்டியரிங் பெட்டி பூட்டிய இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சேஸி ஃபோர்ட், எஞ்சின் வில்லிஸ், பொடி பிலிப்பைன்ஸ், பின் அக்சில் சிஜே. இதை என்னெண்டு சொல்லி விக்கிறது?

நீங்கள் இப்போது சொன்னதை அப்படியே சொல்லி. சேஸி ஃபோர்ட் என்றால் ஜீப் ஃபோர்ட்தான். மற்றதெல்லாம் அதன்மேல் ஏறிய சாமான். எஞ்சின் எந்தப் படை என்று மேலே சொன்னபடி பாருங்கள்: எம்பி இலக்கம் என்றால் இராணுவமே மாற்றியிருக்கலாம், ஜே இலக்கம் என்றால் பொதுமகன் வேலை. எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் விற்க முன்பே சரிபார்த்துவிடுங்கள். வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

எனக்கு விற்றவரும் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரோ "சுத்தமான வில்லிஸ்" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அவரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார். நான் ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருக்கிறேன். இடப்பக்கம் சாமான், வலப்பக்கம் எங்கே வாங்கியது, எப்போது பூட்டியது, கழற்றியது எங்கே இருக்கிறது. எஃப் போட்ட அந்த இரண்டு போல்ட்டும் முதல் வரியில்.